க்ரீம் போட்டதும் குறைஞ்சுதா? அதை வச்சு வியாதி இதுதான்னு முடிவு பண்ணாதீங்க

நம்ம ஊர்ல ஒருத்தருக்குத் தோல்ல ஒரு படை வந்தா, பெரும்பாலும் முதல்ல போறது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். தரமணி நூறடி ரோட்டுல ஆரம்பிச்சு கானகம், கந்தன்சாவடின்னு எந்தப் பக்கம் போனாலும் கடைக்குப் பஞ்சம் இல்ல. "அண்ணா, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க"ன்னு கேட்டா ஒரு ட்யூப் கைக்கு வந்துடும். ரெண்டு மூணு நாள்ல அரிப்பு நிக்கும், சிவப்பு அடங்கும். உடனே வீட்டுல ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க: "க்ரீம் போட்டதும் குறைஞ்சிடுச்சு, அப்போ சாதாரண அலர்ஜிதான்." எனக்குக் கோபம் வர்றது இந்த முடிவு மேலதான். ட்யூப் வாங்கினவங்க மேல இல்ல (ஒரு நாள் கூலியை விட்டுட்டு ஆஸ்பத்திரி வரிசையில நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எல்லாருக்கும் தெரியும்). கேட்க நியாயமா இருக்கு, ஆனா அடிப்படையே தப்பான கணக்கு இது. அரிதான தோல் நோய்கள் வருஷக் கணக்கா கண்ணுல படாம ஒளிஞ்சிருக்கிறதுக்கு ஒரு பெரிய காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

கடையில சாதாரணமா கைக்கு வர்ற அரிப்பு க்ரீம் பலதுல ஸ்டீராய்டு இருக்கு. பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால் மாதிரி பெயர்களை ட்யூபோட பின்பக்கம் பொடி எழுத்துல பார்க்கலாம். சிலதுல அதோட ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு ஆன்டிபயாட்டிக்னு மூணையும் சேர்த்தே அடைச்சிருப்பாங்க. ஸ்டீராய்டு என்ன பண்ணும்? தோல்ல நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி நடத்துற சண்டையை அடக்கும். சண்டை அடங்கினா சிவப்பு, வீக்கம், அரிப்பு எல்லாம் குறையும். ஆனா அந்தச் சண்டை எதுக்காக நடந்ததுன்னு ஸ்டீராய்டுக்குத் தெரியாது. கரப்பானா இருந்தாலும் அடக்கும், பூஞ்சையா இருந்தாலும் அடக்கும், ஆரம்பக் கட்ட தோல் புற்றுநோயில ஒரு வகையா இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு அடக்கும். அடுப்புலேர்ந்து புகை வருதுன்னு ஜன்னலைத் திறந்து விட்டா புகை போயிடும், ஆனா உள்ள என்ன கருகுதுன்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. ஏகப்பட்ட வியாதிகள்ல ஒரே மாதிரி பலன் தர்ற மருந்து, இது எந்த வியாதின்னு அடையாளம் காட்டாது. அதனால "குறைஞ்சுது"ங்கிறதை ஆதாரமா எடுத்துக்கவே கூடாது.

இது வெறும் ஊகம் இல்ல. 1968லயே பிரிட்டன்ல ஐவ், மார்க்ஸ்னு ரெண்டு டாக்டர்கள் இதைப் பதிவு பண்ணாங்க. படர்தாமரை மேல ஸ்டீராய்டு போட்டா வட்டமா, ஓரம் தடிச்சு, நடுவுல தெளிஞ்சு இருக்கிற அந்தப் பழகின வடிவமே காணாமப் போயிடும். சில சமயம் கரப்பான் மாதிரி, சில சமயம் முகத்துல பரு மாதிரி தெரியும். ஆளே அடையாளம் தெரியாம மாறுவேஷம் போட்ட படர்தாமரை. ரொம்ப சாதாரணமான நோய்க்கே இந்த கதின்னா, அரிதான நோய்க்கு எப்படி இருக்கும்? இந்தியாவுல கடந்த பத்து வருஷத்துக்கும் மேலா படர்தாமரை லேசுல போகாத வியாதியா மாறியிருக்கு. சாதாரணமா கேட்கிற டெர்பினாஃபின் மாத்திரைக்கே மசியாத ஒரு பூஞ்சைக்கு 2020ல ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியேன்னு பேர் வச்சாங்க (பேர்லயே நம்ம நாடு இருக்கு). இந்தப் பிரச்சனைக்கு ஸ்டீராய்டு கலந்த க்ரீமைக் கண்டபடி போடுறதும் ஒரு முக்கியக் காரணம்னு இந்தியத் தோல் மருத்துவர்கள் பல வருஷமா கத்திக்கிட்டு இருக்காங்க. 2018 மார்ச்ல மத்திய அரசு பூசுற ஸ்டீராய்டு மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியல்ல சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அர்த்தம். சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், சீட்டு கேட்காம குடுக்கிற வழக்கம் இன்னும் நிக்கல.

சரி, அரிதான நோய்க்கு வருவோம். நம்ம மாநிலத்துக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு நோயையே எடுத்துக்கறேன். தொழுநோய். ஒரு காலத்துல வட ஆற்காடும் செங்கல்பட்டும் இந்தியாவுலயே தொழுநோய் அதிகமா இருந்த பகுதிகள். உலகத்துக்கே இந்த நோயைப் பத்திப் பாடம் சொன்ன இடங்களும் அங்கதான் இருக்கு: செங்கல்பட்டு திருமணியில இருக்கிற மத்திய தொழுநோய் நிறுவனம், வேலூர் பக்கம் கரிகிரி, வேலூர் சிஎம்சி. சிஎம்சியில இருந்த பால் பிராண்ட்தான் ஒரு விஷயத்தை உலகத்துக்குப் புரிய வச்சார். விரல் தேயுறதும் குறையுறதும் கிருமி சதையைத் தின்னுறதால இல்ல. நரம்பு செத்து, வலி தெரியாமப் போய், சூடு பட்டும் காயம் பட்டும் தெரியாம இருக்கிறதாலதான். இதுக்குள்ளயே நோயைக் கண்டுபிடிக்கிற வழியும் இருக்கு. தொழுநோய் தோல்ல தெரியுற நரம்பு நோய். அப்போ கண்ணால மட்டும் பார்த்துட்டுப் போனா எப்படிப் பிடிபடும்?

ஆரம்பத்துல இது எப்படி இருக்கும்னா, தோல் நிறத்தைவிடக் கொஞ்சம் வெளிறின, இல்லன்னா செம்பு நிறத்துல ஒரு படை. நூத்துக்குத் தொண்ணூறு பேர் பார்த்த உடனே "தேமல்"னு சொல்ற மாதிரியே இருக்கும். குழந்தைங்க கன்னத்துல வர்ற வெளிறின திட்டு மாதிரி இருக்கும் (பூச்சி இருக்குன்னு மருந்து குடுப்பாங்களே, அதே). படர்தாமரை மாதிரி ஓரம் தூக்கின வட்டமாகவும் இருக்கலாம். கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான். வித்தியாசம் தொட்டாதான் தெரியும். தேமல்ல உணர்ச்சி போகாது, லேசா தவிடு மாதிரி உதிரும். வெண்புள்ளி பால் வெள்ளையா இருக்கும், அதுலயும் உணர்ச்சி போகாது. தொழுநோய்ப் படை பால் வெள்ளையா ஆகாது. பெரும்பாலும் அந்த இடத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், வியர்க்காது, வறண்டு இருக்கும், முடி உதிர்ந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லிட்டு ஒரு பஞ்சுத் திரியால தொட்டு, "எங்க தொட்டேன், விரலால காட்டுங்க"ன்னு கேட்கணும். முழங்கைக்குப் பின்னாடி, கழுத்துப் பக்கவாட்டுல, முழங்காலுக்கு வெளிப்பக்கம் நரம்பு தடிச்சிருக்கான்னு தடவிப் பார்க்கணும். இதுக்கு ஸ்கேன் வேண்டாம், லேப் வேண்டாம். ஒரு துண்டுப் பஞ்சும் ரெண்டு நிமிஷமும் போதும்.

ஆனா ஒண்ணு. பஞ்சுச் சோதனையையும் கண்மூடித்தனமா நம்பக் கூடாது. முகத்துல நரம்புகள் நெருக்கமா இருக்கிறதால அங்க வர்ற படையில உணர்ச்சி போனது தெளிவாத் தெரியாமப் போகலாம். கிருமி அதிகமா இருக்கிற வகையில படையில உணர்ச்சி ஆரம்பத்துல நல்லாவே இருக்கும். காது மடல் தடிக்கிறது, புருவ முடி ஓரத்துல உதிருறதுன்னு வேற அடையாளங்கள் வரும். அப்போ காது மடலை லேசாக் கீறி எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்க்கணும், தேவைப்பட்டா பயாப்ஸி பண்ணணும். ஒரு சோதனையில ஒண்ணும் தெரியலன்னா அதோட கதை முடிஞ்சதுன்னு எடுத்துக்க முடியாது.

"தொழுநோய்தான் ஒழிஞ்சு போச்சே, அதை ஏன் இப்போ பேசணும்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2005 டிசம்பர்ல தேசிய அளவுல பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழ நோயாளிகள் எண்ணிக்கை வந்தது. அந்த எல்லைக்குக் கீழ வந்ததைத்தான் ஒழிப்புன்னு அறிவிச்சாங்க. நோய் அடியோட போயிடுச்சுன்னு யாரும் சொல்லல. 2022லயும் 2023லயும் இந்தியாவுல புதுசாக் கண்டுபிடிச்சவங்க வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல. உலகத்துல புதுசாக் கண்டுபிடிக்கிறதுல பாதிக்கும் மேல நம்ம நாட்டுலதான். தமிழ்நாட்டுல குறைவுதான், அது பெரிய சாதனை. ஆனா நோய் அரிதாக ஆக, அதை நேர்ல பார்த்துப் பழகின டாக்டர்களும் அரிதாகிடுவாங்க. முன்னாடி கிராமம் கிராமமா வீடு வீடாப் போய்த் தோலைத் தொட்டுப் பார்த்த களப்பணியாளர்கள் இருந்தாங்க. இன்னிக்கு எம்பிபிஎஸ் முடிக்கிற ஒருத்தர் இதை ரெண்டு மூணு தடவை பார்த்திருந்தாலே பெரிசு. கிருமி உள்ள போய் அடையாளம் தெரிய சராசரியா அஞ்சு வருஷம், சில பேருக்கு இருபது வருஷம்கூட ஆகும். அதனால இன்னிக்கு எண்ணிக்கை கம்மிங்கிறதை வச்சு நாளைக்கும் வராதுன்னு சொல்ல முடியாது.

ஓஎம்ஆர் நெடுக கட்டடம் கட்டுறவங்க, ஓட்டல்ல வேலை பாக்கிறவங்கள்ல பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்லேர்ந்து வந்தவங்க நிறைய. அந்த மாநிலங்கள்ல தொழுநோய் இங்கைவிட அதிகம். இதைச் சொல்றது அவங்களைத் தள்ளி வைக்கிறதுக்கு இல்ல. பெரும்பாலானவங்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கிற சக்தி இயற்கையாவே இருக்கு. சிகிச்சை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே பரவுறதும் நின்னுடும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ கூட்டு மருந்து, அதுவும் அரசாங்கத்துல இலவசம். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம்ங்கிற பிரிவைக்கூட 2019ல சட்டத்துலேர்ந்து எடுத்துட்டாங்க. மொழி தெரியாம, கடையில ட்யூப் வாங்கிப் பூசிக்கிட்டு சாரத்துல ஏறுற அந்த மனுஷனுக்குத்தான் கை நரம்பு போகும். நரம்பு செத்த பிறகு மருந்து கிருமியைக் கொல்லும், உணர்ச்சி திரும்பாது. தாமதத்தோட விலையை அவர் வாழ்நாள் முழுக்கக் கட்டணும்.

தொழுநோய் ஒரு உதாரணம்தான். இதே கணக்கு வேற இடங்கள்லயும் தப்புது. வாயில புண்ணு மாசக் கணக்கா ஆறலன்னா வயித்துச் சூடு, வைட்டமின் குறைச்சல்னு மாத்திரை போடுவாங்க. சிலருக்கு அது பெம்பிகஸ், உடம்போட எதிர்ப்பு சக்தி தோல் செல்களை ஒட்டி வச்சிருக்கிற பசையையே தாக்குற நோய். உடம்புல கொப்புளம் வர்றதுக்குப் பல மாசம் முன்னாடியே வாயில ஆரம்பிக்கும். இடுப்புல, தொடையில வெயில் படாத இடத்துல வெளிறின படையோ செதில் படையோ வருஷக் கணக்கா போயிட்டுப் போயிட்டு வரும். அது மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்ங்கிற தோல் லிம்ஃபோமாவா இருக்கலாம். கருத்த தோல்ல இது வெளிறின திட்டா வர்றது அதிகம், அதனால தேமல்னும் வெண்புள்ளின்னும் தப்பாப் புரிஞ்சுக்க வசதியா இருக்கு. மெதுவாப் படருற ஒரே ஒரு தடிப்பு, தோல்ல வந்த காசநோயா இருக்கலாம். உள்ளங்கால்ல இருக்கிற கறுப்பு ஆணின்னு நினைச்சா மெலனோமாவா இருக்கலாம். பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்துக்கு அடியில வந்ததைக் கால்பந்து ஆடும்போது பட்ட காயம்னு நினைச்சாங்க. 1977ல மெலனோமான்னு தெரிஞ்சுது, 1981ல 36 வயசுல இறந்துட்டார். கருப்புத் தோல்ல மெலனோமா வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகம்னு இந்த இடங்களைத் தேடித்தான் வரும்.

இப்போ பெரிய ஆட்சேபணை. "ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்றதைச் சொல்லி மத்த 999 பேரையும் பயமுறுத்தணுமா? தேமல் மாதிரி இருந்தா தேமல்னு நினைக்கிறதுதானே அறிவு?" முழுசா ஒத்துக்கறேன். முதல் நாள்ல சாதாரண நோயைத்தான் நினைக்கணும், அதுக்குத்தான் மருந்து குடுக்கணும். எல்லாத் தேமலுக்கும் பயாப்ஸி பண்ணச் சொன்னா அது பைத்தியக்காரத்தனம். என் வாதம் அந்த முதல் நாளைப் பத்தி இல்ல. ரெண்டாவது, மூணாவது தடவையைப் பத்தி. பூஞ்சைக்குச் சரியான மருந்தைச் சரியா நாலஞ்சு வாரம் போட்டும் போகாத படை, பூஞ்சையாத்தான் இருக்கும்னு நீங்க நினைக்கிற வாய்ப்பை ஒவ்வொரு வாரமும் குறைச்சுக்கிட்டே வருது. மருந்து கேட்கலங்கிறதும் ஒரு தகவல். ஆனா நடைமுறையில என்ன பண்றோம்? மருந்தை மாத்துறோம், ட்யூபை மாத்துறோம், டாக்டரைக்கூட மாத்துறோம். முதல்ல வச்ச பேரை மட்டும் மாத்த மாட்டேங்கறோம். ஆரம்பத்துல அதிகம் வர்றதை நினைக்கிறது சரி, அதுலயே நின்னுடுறதுதான் தப்பு.

தரமணியில இருக்கிறவங்களுக்கு இதை விளக்க வெளியூர் போக வேண்டாம். இங்க விஎச்எஸ் ஆஸ்பத்திரி வளாகத்துல பல வருஷம் செயல்பட்ட ஒய்ஆர்ஜி கேர் அமைப்பை ஆரம்பிச்சவங்க டாக்டர் சுனிதி சாலமன். 1986ல எய்ட்ஸ் இந்தியாவுக்கெல்லாம் வராதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தப்போ, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல அவங்களும் அவங்க மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரிச்சு வேலூர் சிஎம்சிக்கு எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சாங்க. ஆறு மாதிரியில எச்ஐவி இருந்தது. இந்தியாவுல முதன்முதல்ல கண்டுபிடிச்சது அப்படித்தான். "இங்க வராது"ங்கிற நம்பிக்கையைக் கேள்வி கேட்டதாலதான் அது வெளிய வந்தது. அந்த நோயும் பல பேருக்குத் தோல்லதான் முதல்ல எட்டிப் பார்க்கும்: சின்ன வயசுல வர்ற அக்கி, எதுக்கும் அடங்காத அரிப்புப் பொரி, முகத்துல போகவே போகாத செதில். ஒவ்வொண்ணும் தனியாப் பார்த்தா சாதாரணம். ஏன் போக மாட்டேங்குதுன்னு கேட்டாதான் அடுத்த சோதனைக்குப் போவோம்.

"இப்போ போட்டோ எடுத்துப் போட்டா செயலியே சொல்லுதே"ன்னு சில பேர் சொல்றாங்க. ரெண்டு காரணத்துக்காக நான் இன்னும் அதை நம்பத் தயாரா இல்ல. ஒண்ணு, தோல் நோய்ப் பாடப்புத்தகப் படங்கள்ல பெரும்பகுதி வெள்ளைத் தோல். அங்க சிவப்பாத் தெரியுறது நம்ம தோல்ல கரும்பழுப்பாவோ ஊதாவாவோ தெரியும். இதைச் சரி பண்ணத்தான் 2020ல லண்டன்ல மலோன் முக்வெண்டேங்கிற மருத்துவ மாணவர் கருத்த தோல்ல நோய் எப்படித் தெரியும்னு ஒரு கையேடே கொண்டு வந்தார். ரெண்டாவது காரணம் இன்னும் எளிசு: மரத்துப்போனது போட்டோவுல தெரியாது. நரம்பு தடிப்பும் தெரியாது.

"கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி ஓபி கூட்டத்துல ஒவ்வொருத்தரையும் தொட்டுப் பார்க்க நேரம் ஏது?"ன்னு டாக்டர்கள் கேட்டா, அதுல நியாயம் இருக்கு. ஆனா எல்லாரையும் வேண்டாம். திரும்பி வந்தவங்களை மட்டும். அதே படையோட மூணாவது தடவை வர்ற ஆளை ஒரு நர்ஸ் பஞ்சால தொட்டுப் பார்த்து, சுரண்டல் சோதனைக்கு அனுப்பலாம். பழைய களப்பணியாளர்கள் இதைத் திண்ணையிலயும் தெருவுலயும் வச்சே பண்ணாங்க. பயாப்ஸின்னா பயப்படவும் வேண்டாம்: மரத்துப்போற ஊசி போட்டு, பென்சில் முனை அகலத்துக்கு ஒரு துளி தோல் எடுப்பாங்க, ஒண்ணு ரெண்டு தையல். தோல் லிம்ஃபோமா மாதிரி நோய்கள்ல முதல் பயாப்ஸியில தெரியாமப் போறதும் உண்டு. படை போகலன்னா மறுபடி எடுக்கிறதுதான் சரி.

அதனால படிக்கிற உங்ககிட்ட நான் கேட்டுக்கறது இவ்வளவுதான். டாக்டர் பார்க்காத படை மேல கடை க்ரீமைப் போடாதீங்க. போட்டிருந்தா ட்யூபைத் தூக்கிப் போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க, எத்தனை நாள் போட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்க. (ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க திடீர்னு தானா நிறுத்தக் கூடாது, அது ஆபத்து.) மாசத்துக்கு ஒரு போட்டோ எடுத்துத் தேதியோட வச்சுக்கோங்க. உணர்ச்சி குறைஞ்ச படை, ஒரு மாசம் சரியா மருந்து போட்டும் போகாத படை, ஆறாத வாய்ப்புண், உள்ளங்கால்லயோ நகத்துலயோ மாறிக்கிட்டே இருக்கிற கறுப்பு, இதுல எது இருந்தாலும் தோல் டாக்டர்கிட்ட போங்க. தரமணியில பறக்கும் ரயில் ஏறி பார்க் டவுன்ல இறங்கினா எதிர்லயே பெரியாஸ்பத்திரி, அங்க தோல் பிரிவு இருக்கு, காசு கேட்க மாட்டாங்க. போனா "இது என்ன?"ன்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. "இது வேற என்னவா இருக்கலாம்?"னும் கேளுங்க. நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்க மாட்டார்.